கடல் கடந்த சொத்தும் விவாகரத்தும்: வணிகக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வணிகக் குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. மளிகைக் கடை லாபத்தில் படித்த மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மண்டி வைத்திருப்பவர் மகளை மலேசியாவில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு மனை, இரண்டு நாட்டிலும் வங்கிக் கணக்கு என்று சொத்து இரு கரையிலும் சேருகிறது. குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் வரை எது யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

விவாகரத்து என்று வந்துவிட்டால் முதல் நாளே அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "ஊரில் இருக்கும் சொத்தை அந்த நாட்டுக் கோர்ட் தொட முடியாது" என்பது ஒன்று. "இங்கே வழக்குப் போட்டே அந்த நாட்டு வீட்டில் பங்கு வாங்கிவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் பிள்ளைகளின் சேமிப்பு மட்டுமல்லாமல் கடையின் முதலும் சிக்கலில் மாட்டுகிறது. நம் ஊர்களோடு நெடுங்காலத் தொடர்புள்ள சிங்கப்பூரை முக்கிய உதாரணமாக வைத்து, இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை இங்கே விளக்குகிறோம். தம்பதியரில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நாம் போகவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம்.

எந்த நாட்டு நீதிமன்றம்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வழக்கு எங்கே நடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் பொதுவாகப் பங்கீடு நடக்கும் என்பது. திருமணம் எந்த ஊர் மண்டபத்தில் நடந்தது என்பதோ, சொத்து எங்கே கிடக்கிறது என்பதோ மட்டும் இதை முடிவு செய்வதில்லை.

இந்து திருமணச் சட்டம் 1955-இன்படி, திருமணம் நடந்த இடம், கணவன் மனைவி கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம், மனைவி வழக்குத் தொடுத்தால் அவர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் உள்ள நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆகவே தஞ்சாவூரில் தாலி கட்டியவர்கள் சிங்கப்பூரில் குடியிருந்தாலும் தஞ்சாவூரில் வழக்குப் போட இடமுண்டு. சிங்கப்பூர் நீதிமன்றமோ, தம்பதியரில் ஒருவர் சிங்கப்பூரை நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்தாலோ, வழக்குக்கு முந்தைய 3 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருந்தாலோ வழக்கை ஏற்கும். அங்குள்ள முஸ்லிம் தம்பதியரின் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். கடையநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து சென்று குடியேறிய குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இப்படி இரண்டு கதவுகள் திறந்திருப்பதால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பது முக்கியமாகிறது. இரண்டு நாட்டுச் சட்டங்களும் சொத்தைப் பார்க்கும் விதம் அந்த அளவுக்கு வேறுபட்டது.

இந்தியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற விதி இந்தியாவில் இந்துக்களுக்கு இல்லை. கணவன் பெயரில் உள்ளது கணவனுடையது, மனைவி பெயரில் உள்ளது மனைவியுடையது என்பதே தொடக்க நிலை. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமண நேரத்தில் அல்லது அதையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவாகச் சேர்ந்த சொத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மனைவிக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பாதுகாப்பு பெரும்பாலும் ஜீவனாம்சமாகவே வருகிறது. 24-ஆவது பிரிவு இடைக்கால ஜீவனாம்சத்துக்கும், 25-ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்துக்கும் வழி செய்கின்றன. நிரந்தர ஜீவனாம்சத்தை மாதத் தொகையாகவும் வாங்கலாம், ஒட்டுமொத்தத் தொகையாகவும் வாங்கலாம்.

இந்திய நீதிமன்றம் சிங்கப்பூரில் உள்ள வீட்டைப் பாகம் பிரித்து, "வடக்குப் பாதி உனக்கு, தெற்குப் பாதி அவருக்கு" என்று உத்தரவு போட முடியாது. அசையாச் சொத்து வழக்கு அந்தச் சொத்து இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கு உரியது என்பதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அந்தப் பிரிவு பேசுவதும் இந்தியாவில் உள்ள சொத்தைப் பற்றியே.

ஆனால் ஜீவனாம்சத் தொகையைத் தீர்மானிக்கும்போது கணவனுக்கு வெளிநாட்டில் உள்ள சம்பளம், வீடு, சேமிப்பு அனைத்தும் கணக்கில் வரும். ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பினரும் தங்கள் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் வசித்தால் அந்நாட்டு நாணயத்தில் அவர் பெறும் வருமானத்தையும் காட்ட வேண்டும். வீட்டைத் தொட முடியாவிட்டாலும், வீட்டின் மதிப்பு ஜீவனாம்சத்தின் அளவைக் கூட்டிவிடுகிறது.

சிங்கப்பூர்ச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

சிங்கப்பூரின் மாதர் சாசனம் 1961-இல் வந்த சட்டம். அதன் 112-ஆவது பிரிவு, திருமண காலத்தில் சேர்ந்த சொத்துகளை நியாயமும் நேர்மையுமான விகிதத்தில் பிரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. யார் பெயரில் இருக்கிறது என்பது அங்கே முடிவான கேள்வி அல்ல. திருமணத்துக்குப் பின் வாங்கிய வீடு, வங்கி இருப்பு, பங்குப் பத்திரம், மத்திய சேமநிதி இருப்பு, தொழிலில் உள்ள பங்கு ஆகிய அனைத்தும் ஒரே குவியலில் சேரும். அந்தச் சொத்து சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தியாவில் உள்ள மனையும், வைப்புத் தொகையும் சேரும்.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஒருவருக்குத் தானமாகவோ வாரிசு முறையிலோ வந்த சொத்து பொதுவாகக் குவியலில் சேராது. ஆனால் அது தம்பதியர் குடியிருந்த வீடாக இருந்தாலோ, மற்றவரோ இருவருமோ சேர்ந்து திருமண காலத்தில் அதைக் கணிசமாக மேம்படுத்தியிருந்தாலோ இந்த விலக்கு பொருந்தாது.

சரி, நம் ஊர் மனையை அந்த நீதிமன்றம் எப்படிப் பிரிக்கும்? மனையை அது தொடுவதில்லை. மனைக்கு உரியவரைத்தான் தொடுகிறது. அவர் நீதிமன்றத்தின் முன் நிற்கிறார். அவருடைய மற்ற சொத்துகள் அங்கே இருக்கின்றன. ஆகவே மனையின் மதிப்பை அவர் பங்கில் எழுதிவிட்டு, அதற்கு ஈடான தொகையை அங்குள்ள சொத்திலிருந்து மற்றவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி எடுத்துச் சென்ற சரக்கை அவர் பற்றில் எழுதி, கடைசியில் கணக்கை நேர் செய்வது போன்றதே இது.

ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அங்கே தனியார் அடுக்குமாடி வீடு ஒன்று உள்ளது. மதிப்பு 15,00,000 வெள்ளி, வங்கிக் கடன் பாக்கி 7,00,000 வெள்ளி. ஆக நிகர மதிப்பு 8,00,000. இருவரின் சேமநிதி இருப்பு 2,50,000. வங்கிச் சேமிப்பு 50,000. கணவன் அனுப்பிய சம்பளத்தில் நம் ஊரில் வாங்கிய வீட்டு மனையின் மதிப்பு 1,00,000. மொத்தம் 12,00,000 வெள்ளி.

இருவரும் சம்பாதிக்கும் குடும்பங்களில், 2015-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றிலிருந்து சிங்கப்பூர் நீதிமன்றங்கள் ஒரு முறையைப் பின்பற்றி வருகின்றன. சொத்து வாங்க நேரடியாகப் பணம் போட்ட விகிதத்தை முதலில் பார்க்கிறார்கள். அடுத்து, வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, குடும்பச் செலவு போன்ற மறைமுக உழைப்பின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். பிறகு இரண்டுக்கும் சராசரி எடுத்து, தேவையானால் சற்றுக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

நம் கணக்கில் நேரடிப் பணம் கணவன் 70, மனைவி 30 என்றும், மறைமுக உழைப்பு கணவன் 40, மனைவி 60 என்றும் வைப்போம். சராசரி 55-க்கு 45. கணவனுக்கு 6,60,000, மனைவிக்கு 5,40,000.

இனி நேர் செய்யும் வேலை. மனைவியிடம் ஏற்கெனவே சேமநிதியில் 90,000-உம் வங்கியில் 10,000-உம் உள்ளன. அவருக்கு வர வேண்டிய பாக்கி 4,40,000. கணவனிடம் சேமநிதி 1,60,000, வங்கி 40,000, ஊர் மனை 1,00,000 ஆக 3,00,000 உள்ளது. வீட்டை விற்று வரும் நிகரத் தொகையில் மனைவி 4,40,000-உம் கணவன் 3,60,000-உம் எடுத்தால் கணக்கு நேராகிறது. (விற்பனைச் செலவையும், வீட்டுக்காகச் சேமநிதியிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கட்டுவதையும் எளிமைக்காக விட்டிருக்கிறோம்.) ஊர் மனையின் பட்டாவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அது பங்கிடப்பட்டுவிட்டது.

மனைவி வேலைக்குப் போகாமல் நெடுங்காலம் வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த குடும்பமாக இருந்தால் இந்தச் சராசரி முறை அவருக்கு அநியாயமாகிவிடும். ஆகவே ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்ட காலத் திருமணங்களில் சரிபாதியை நோக்கிச் செல்வதே வழக்கம் என்று 2017-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. கல்லாவில் உட்காராதவருக்கு லாபத்தில் பங்கில்லை என்ற நினைப்பு அங்கே எடுபடாது.

கடை முதலில் இருந்து கொடுத்த பணம்

நம் உறுப்பினர்களுக்கு நேரடியாகச் சூடு படும் இடம் இதுதான். மகன் வெளிநாட்டில் வீடு வாங்கும்போது முன்பணத்துக்குத் தகப்பனார் கடையிலிருந்து பணம் அனுப்புகிறார். தானமா, கடனா என்று அப்போது யாரும் எழுதி வைப்பதில்லை. விவாகரத்து வழக்கு வரும்போது அந்த ஒரு சொல்லைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

மேலே சொன்ன கணக்கிலேயே இதைப் பார்ப்போம். சொத்துகளுக்காக இருவரும் போட்ட பணம் மொத்தம் 10,00,000 வெள்ளி. அதில் மனைவி போட்டது 3,00,000. கணவன் கணக்கில் உள்ள 7,00,000-இல் 70,000 தகப்பனார் அனுப்பியது.

ஒன்று: மகனுக்கு மட்டும் அளித்த தானம் என்று ஆதாரம் இருந்தால், அது மகன் போட்ட பணமாகச் சேரும். குடியிருந்த வீட்டுக்குள் போய்விட்டதால் வீடு குவியலில்தான் இருக்கும். ஆனால் 70-க்கு 30 என்ற விகிதம் நிற்கும். மகனுக்கு 6,60,000.

இரண்டு: மகன், மருமகள் இருவருக்குமே கொடுத்தது என்று முடிவானால், தொகை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். நேரடி விகிதம் 66.5-க்கு 33.5 ஆகும். சராசரியில் மகனுக்கு 6,39,000, மருமகளுக்கு 5,61,000.

மூன்று: உண்மையான கடன் என்று நிரூபித்தால், முதலில் 70,000 கடனாகக் கழிக்கப்படும். மீதி 11,30,000 பிரியும். மகனுக்கு ஏறத்தாழ 6,09,000, மருமகளுக்கு ஏறத்தாழ 5,21,000, தகப்பனாருக்கு 70,000.

மூன்றாவது வழி கவர்ச்சியாகத் தெரிவதால் வழக்கு வந்த பிறகு பழைய தேதி போட்டுப் புரோ நோட்டு எழுதச் சிலர் முயல்வதுண்டு. இது குற்றம் மட்டுமல்ல, வீண் வேலையும்கூட. தவணை திரும்பி வந்ததா, வட்டி வரவு வைக்கப்பட்டதா, கடையின் ஐந்தொகையில் அந்த ஆண்டே கடனாகக் காட்டப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். பேரேட்டில் இல்லாத கடனை வக்கீல் உருவாக்கித் தர முடியாது.

பணம் அனுப்பும் முறையும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இது தனிநபருக்கு மட்டுமே. கூட்டு வியாபார நிறுவனமோ இந்துக் கூட்டுக் குடும்பமோ இந்தத் திட்டத்தைப் பயன்படுத்த முடியாது. ஆகவே கடைக் கணக்கிலிருந்து உங்கள் பங்கை முறைப்படி உங்கள் சொந்தக் கணக்குக்கு எடுத்து, அங்கிருந்து வங்கி வழியாக, நோக்கத்தைச் சரியாகக் குறித்து அனுப்புங்கள். தானமா கடனா என்ற கடிதம் அன்றே இருக்கட்டும். கடனாக இருந்தால் அந்நியச் செலாவணி விதிகளுக்கு அது பொருந்துகிறதா என்று ஆடிட்டரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயருக்குப் பங்காளி, பெயருக்குப் பட்டா

வருமான வரிக்காக வெளிநாட்டு மகனைக் கடையில் பெயருக்குப் பங்காளியாக வைத்திருப்பவர்கள் உண்டு. தகப்பனார் தன் பணத்தில் மகன் பெயரில் மனை வாங்கிப் போடுவதும் வழக்கம். விவாகரத்து வழக்கில் இவையெல்லாம் மகனின் சொத்தாகவே முதலில் தோன்றும். "அது என் பணம், அவன் பெயர் மட்டும்தான்" என்று தகப்பனார் சொன்னால், பினாமிச் சட்டம் 1988, அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் பேச வேண்டும். தகப்பனார் தன் வெளிப்படையான வருமானத்தில் பிள்ளை பெயரில் வாங்குவதை அந்தச் சட்டம் விலக்கியிருக்கிறது. ஆனால் வருமானத்துக்குக் கணக்கு இருக்க வேண்டும்.

மூன்றாம் நபரின் உரிமையை விவாகரத்து வழக்குக்குள்ளேயே தீர்மானிக்கும் அதிகாரம் 112-ஆவது பிரிவில் இல்லை என்று 2018-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே தகப்பனார் தன் உரிமையை நிலைநாட்டத் தனியே வழக்குத் தொடுக்க நேரிடலாம். தானமாகக் கொடுத்ததைத் தானப் பத்திரமாகவே பதிவு செய்திருந்தால், அது தானமாக வந்த சொத்து என்று மகன் சுலபமாகக் காட்டியிருப்பார்.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாடு வாழ் இந்தியர் இந்தியாவில் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசு முறையில் பெறலாம். மகன் வெளிநாட்டில் குடியிருக்கும்போது அவர் பெயரில் நஞ்சை வாங்கியிருந்தால், விவாகரத்துப் பிரமாணப் பத்திரத்தில் அதைக் காட்டும் நாளில் அந்நியச் செலாவணிச் சிக்கலும் சேர்ந்தே வெளிவரும்.

மகளின் நகை

மகனைப் பெற்றவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மகளை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்தவர்களும் நம்மில் பலர். பெண்ணுக்குத் தாய் வீட்டிலும் மற்றவரிடமும் கிடைத்த நகை, பணம், சீர்ப் பொருள் அவளுடைய ஸ்திரீதனம். கணவன் வீட்டார் அதைப் பாதுகாக்கப் பெற்றவர்களே தவிர உரிமை பெற்றவர்கள் அல்லர் என்பதைப் பிரதிபா ராணி வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும்.

சட்டம் பலமாக இருந்தாலும் ஆதாரம் இல்லாமல் பயனில்லை. எத்தனை பவுன், எந்தக் கடையில் வாங்கியது, எவ்வளவு வெளிநாட்டுக்குப் போனது, எவ்வளவு ஊர் வங்கி லாக்கரில் உள்ளது, லாக்கர் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் பெண் வீட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். நகை வாங்கிய பில்லைத் திருமணம் முடிந்ததும் கழித்துக் கட்டுபவர்கள் நம்மில் அதிகம். சரக்குப் பில்லை எத்தனை ஆண்டு பத்திரமாக வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் விபரீதம் புரியும்.

அந்த நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா?

வெளிநாட்டுத் தீர்ப்பு பற்றிச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு பேசுகிறது. அதிகாரமில்லாத நீதிமன்றம் வழங்கியது, எதிர்த்தரப்புக்கு வாய்ப்புத் தராமல் வழங்கியது, மோசடியால் பெற்றது போன்றவை இங்கே கட்டுப்படுத்தா. 1991-இல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தின் மேல், அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம் வழங்கிய விவாகரத்தே பொதுவாகச் செல்லும் என்று விதி வகுத்தது. எதிர்த்தரப்பினர் மனமுவந்து கலந்துகொண்ட வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு.

இதைக் கேள்விப்பட்டுச் சிலர் வெளிநாட்டிலிருந்து வரும் சம்மனை வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். இது ஆபத்து. விவாகரத்து இங்கே செல்லாமல் போகலாம். ஆனால் அங்கே உள்ள வீடும் சேமிப்பும் அங்குள்ள உத்தரவுப்படி பிரிந்துவிடும். கலந்துகொண்டாலும் விளைவு உண்டு, ஒதுங்கினாலும் விளைவு உண்டு. ஆகவே சம்மன் வந்த வாரத்திலேயே இரு நாட்டு வக்கீல்களையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பு வேறு வகை. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் 44-ஏ பிரிவின்படி இந்தியா அங்கீகரித்த நாடுகள். அந்நாடுகளில் அங்கீகாரம் பெற்ற உயர் நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். 13-ஆவது பிரிவின் ஆட்சேபணைகள் அப்போதும் உண்டு. அமெரிக்கா இந்தப் பட்டியலில் இல்லை. அங்கீகாரம் பெறாத நாடு அல்லது நீதிமன்றத்தின் தீர்ப்பானால், அதை ஆதாரமாக வைத்து இங்கே 3 ஆண்டுக்குள் புதிய வழக்குத் தொடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதற்கு இதுவே பதில்.

மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் விவாகரத்து முடிந்துவிட்டது, ஆனால் சிங்கப்பூர் வீட்டைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை என்றால், 2011 முதல் மாதர் சாசனத்தில் அதற்கும் வழி இருக்கிறது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிய தகுதி இருந்தால், அங்கே சொத்துப் பங்கு கோரலாம்.

மறைத்தால் என்ன ஆகும்?

சொத்தை மறைக்கலாமே என்ற எண்ணம் சிலருக்கு வரும். மறைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தால், அந்தச் சொத்துக்கு ஒரு மதிப்புப் போட்டுக் குவியலில் சேர்க்கும், அல்லது மற்றவரின் சதவீதத்தைக் கூட்டிவிடும். உள்ளதைக் காட்டியிருந்தால் போயிருக்கும் தொகையைவிட அதிகம் போவதற்கு இடமுண்டு. நம் நாட்டில் பொய்ப் பிரமாணத்துக்குத் தனி வழக்கும் வரும்.

வரிச் சட்டமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பி முழுமையான இந்திய வசிப்பாளர் நிலை பெற்றவர், தம் வெளிநாட்டுச் சொத்துகளை வருமான வரிப் படிவத்தில் அதற்கான அட்டவணையில் காட்ட வேண்டும். 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து தவிர்த்த சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இதில் தளர்வு தரப்பட்டிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஒரு கணக்கு, வரி அலுவலகத்தில் ஒரு கணக்கு என்று வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

இப்போதே செய்து வைக்க வேண்டியவை

1. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிய ஒவ்வொரு பெரிய தொகைக்கும் தேதி, வங்கிச் சான்று, தானமா கடனா என்ற கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

2. மகன் கடையில் பங்காளியானால், அவர் பங்கு எப்படி வந்தது, முதல் யார் போட்டது என்பதைக் கூட்டுப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள்.

3. பூர்வீகச் சொத்து, தானமாக வந்தது, சம்பாதித்து வாங்கியது ஆகிய மூன்றையும் தனித்தனிப் பட்டியலாக, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றோடு வையுங்கள்.

4. மகளின் நகைக்கு எடை, படம், பில் மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதி மகளிடமும் இருக்கட்டும்.

5. பிணக்கு வந்துவிட்டால் உடனே சொத்தைப் பெயர் மாற்றி எழுதாதீர்கள். அந்தப் பத்திரத்தின் தேதியே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

6. பரஸ்பர சம்மதத்தில் பிரிய முடிந்தால் இரு நாட்டுச் சொத்துகளையும் ஒரே உடன்படிக்கையில் எழுதி முடியுங்கள். எந்தத் தேதியின் செலாவணி மதிப்பு, வரியும் முத்திரைத் தீர்வையும் யார் பொறுப்பு என்பதையும் அதில் சேருங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் இங்குள்ள சொத்தை விற்றுப் பணத்தை எடுத்துச் செல்ல, வரி கட்டிய பின் பொதுவாக நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் என்ற வரம்பு இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

7. மற்ற நாடுகளில் விதி மாறும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம் பொருந்தும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட 9 மாநிலங்களில் திருமண காலச் சம்பாத்தியம் இருவருக்கும் பொது. ஆகவே அந்தந்த நாட்டு வக்கீலைக் கேளாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று நினைக்கத் தேவையில்லை. கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுப்பவர் தீயை விரும்பி அழைப்பதில்லை. கணக்குத் தெளிவாக இருந்தால் மகனும் மருமகளும் பிரிய நேர்ந்தாலும் உரியது உரியவருக்குப் போய்ச் சேரும். பேரப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணம் இரண்டு நாட்டு வழக்குச் செலவில் கரையாது. அன்றாடம் கடை சாத்துமுன் கல்லாவை எண்ணிக் கணக்கு முடிக்கும் நமக்கு இது புதிய பழக்கம் அல்ல. கடல் கடந்த கணக்கையும் அதே போல் முடித்து வைப்போம்.